கணவன் மனைவிக்கு ஒரு வாடகை வீடு, அமெரிக்க வரிக் கணக்கில் அது எந்த வகை?

வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி முதல் மாதமே டபிள்யூ-9 என்று ஒரு படிவம் அனுப்பும். பெயர், முகவரி எல்லாம் மளமளவென்று எழுதிவிடலாம். மூன்றாவது வரியில் ஏழு கட்டங்கள் இருக்கும்: தனிநபர், சி கார்ப், எஸ் கார்ப், பார்ட்னர்ஷிப், டிரஸ்ட், எல்எல்சி, மற்றவை. ஒன்றில்தான் டிக் போட வேண்டும். நானும் என் மனைவியும் நியூஜெர்சியில் முதல் வாடகை வீட்டை வாங்கியபோது சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பேரில் ஒரு எல்எல்சி (வழக்கு வந்தால் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பாக மாநிலத்தில் பதிவு செய்யும் நிறுவனம்) இருந்ததால் எல்எல்சி கட்டத்தில் டிக் போட்டோம். பக்கத்தில் ஓர் எழுத்து கேட்டிருந்தது, அதை வெறுமனே விட்டுவிட்டோம். உண்மையில் அந்தக் கேள்விக்கு நாங்கள் ஏற்கெனவே வேறொரு இடத்தில் பதில் சொல்லி முடித்திருந்தோம், அது எங்களுக்கே தெரியாது. அந்தக் கதைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

இது யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இருவரும் அமெரிக்க வரிக்கு ரெசிடென்ட், சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடுகிறீர்கள், வீடு அமெரிக்காவில் இருக்கிறது, மாதக்கணக்கில் அல்லது வருடக்கணக்கில் லீஸுக்கு விடுகிறீர்கள். சேலை கடைக்காரர் முதல் சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் வரை இங்கே நம்மவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். தனித்தனி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கும், ஒருவர் இந்தியாவிலேயே இருக்கிறவர்களுக்கும் கணக்கு வேறு, அவர்கள் சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) ஒருவரைப் பார்ப்பது நல்லது.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர், இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. வீடு யார் பேரில் இருக்கிறது என்பது மாநிலச் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வி. ஐஆர்எஸ், அதாவது மத்திய வரித்துறை, அதை எப்படிப் பார்க்கிறது என்பது வேறு கேள்வி. எல்எல்சி என்பது மாநிலம் கொடுக்கும் உடுப்பு. மத்திய வருமான வரியில் எல்எல்சி என்று ஒரு வகையே கிடையாது. 1997 முதல் இருக்கும் விதி இது: எல்எல்சிக்கு ஓர் உரிமையாளர் என்றால் ஐஆர்எஸ் அதைக் கண்டுகொள்ளாது, டிஸ்ரிகார்டட் என்று அதற்குப் பெயர், வருமானம் நேராக உங்கள் சொந்த ரிட்டர்னில் ஏறும். இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் என்றால், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் அது பார்ட்னர்ஷிப். கார்ப்பரேஷனாக (தானே தனியாக வரி கட்டும் கம்பெனி, அதுதான் சி கார்ப்) பார்க்கச் சொல்ல வேண்டுமானால்தான் 8832 படிவம், எஸ் கார்ப் (லாபம் பொதுவாக உரிமையாளரின் ரிட்டர்னுக்கே போகும் கார்ப்பரேஷன்) வேண்டுமானால் 2553. ஆக, நீங்கள் ஒன்றையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் ஒரு வகை உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும்.

சரி, வகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், எளிமையானதிலிருந்து.

வீட்டுப் பத்திரம் நேராக உங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது, எல்எல்சி எதுவும் இல்லை என்றால் உங்களுக்கு வேலையே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு சொத்தை வைத்துக்கொண்டு, ரிப்பேர் பார்த்து, வாடகைக்கு விடுவதாலேயே அது பார்ட்னர்ஷிப் ஆகிவிடாது என்று வரி விதியே சொல்கிறது. உங்கள் சொந்த வருமான வரி ரிட்டர்னான 1040-ஓடு ஷெட்யூல் இ என்ற ஒரு தாள், அதில் அந்த வீட்டுக்கு ஒரு பத்தி. முடிந்தது. தனி எண் வாங்க வேண்டாம், தனிக் கெடு கிடையாது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மீதி எல்லாம் புரியும். வருட வாடகை 30,000 டாலர். வட்டி, சொத்து வரி, இன்சூரன்ஸ், மேனேஜர் கமிஷன், தண்ணீர்க் குழாய் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 24,000. நிலத்தின் மதிப்பைக் கழித்துவிட்டுக் கட்டடத்தின் மதிப்பு 2,75,000 என்றால், அதை 27.5 வருடத்தால் வகுக்க, தேய்மானம் வருடத்துக்கு 10,000. ஆக, கையில் 6,000 மிஞ்சினாலும் வரிக் கணக்கில் 4,000 நஷ்டம். (வாங்கிய முதல் வருடம் எந்த மாதம் வாடகைக்குத் தயாரானதோ அதை வைத்துத் தேய்மானம் குறையும்.) இந்த 4,000 டிஸ்ரிகார்டட் வழியாக வந்தாலும் பார்ட்னர்ஷிப் வழியாக வந்தாலும் அதே 4,000தான். சேர்ந்து ரிட்டர்ன் போடும் தம்பதிக்கு அது போய்ச் சேரும் இடமும் ஒன்றுதான். வகையை மாற்றினால் வரி குறையும் என்று யாராவது சொன்னால், படிவத்தில் எந்த இடத்தில் குறையும் என்று காட்டச் சொல்லுங்கள்.

அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். வாடகைக்காரரைத் தேர்ந்தெடுப்பது, வாடகையை முடிவு செய்வது மாதிரியான வேலைகளில் நீங்கள் கை வைக்கிறீர்கள் என்றால் வருடம் 25,000 வரை கழிக்க ஒரு சலுகை உண்டு. ஆனால் திருத்தப்பட்ட மொத்த வருமானம் 1,00,000 டாலரைத் தாண்டினால் அது குறைய ஆரம்பித்து 1,50,000 வந்ததும் பூஜ்யம். இரண்டு பேரும் ஐடி வேலையில் இருக்கும் வீட்டில் இது பெரும்பாலும் பூஜ்யம்தான். நஷ்டம் வீணாகாது, 8582 படிவத்தில் சேர்ந்துகொண்டே வந்து, பின்னால் வாடகை லாபம் வரும்போதோ வீட்டை விற்கும்போதோ கை கொடுக்கும். எல்எல்சி போட்டாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. இருவரில் ஒருவர் வருடத்தில் 750 மணி நேரத்துக்கு மேல், தன் மொத்த வேலை நேரத்தில் பாதிக்கும் மேல், ரியல் எஸ்டேட் தொழிலிலேயே இருந்தால் கதை வேறு. அந்த 750 மணியை ஒருவரே தனியாகக் காட்ட வேண்டும், நீ பாதி நான் பாதி என்று சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது.

இப்போது எங்கள் கதை. யாரோ சொன்னார்கள் என்று வீடு வாங்கும்போதே எல்எல்சி போட்டோம். இருவர் பேரையும் உறுப்பினராக எழுதினோம், ஒருவர் பேரை மட்டும் போட்டால் நன்றாக இருக்குமா, என்ன! அப்புறம் வங்கிக் கணக்குக்காக ஐஆர்எஸ் தளத்தில் இஐஎன் (நிறுவனத்துக்கான வரி எண்) வாங்கினோம். எத்தனை உறுப்பினர் என்று கேட்டது, இரண்டு என்று அடித்தோம். உடனே ஒரு கடிதம் பிடிஎஃப் ஆக வந்தது, எண் இருக்கும் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தோம். அதே கடிதத்தில் கீழே, 1065 படிவம் (பார்ட்னர்ஷிப்புக்கான ரிட்டர்ன்), மார்ச் 15 என்று தெளிவாக இருந்திருக்கிறது. எங்களுக்கு வரி போட்டுக்கொடுத்தவரும் அதைக் கேட்கவில்லை, 2023 வருமானத்தை ஷெட்யூல் இ-யில் போட்டு ஏப்ரலிலேயே அனுப்பிவிட்டார். வரி ஒரு டாலர்கூடக் குறையவில்லை. ஆனாலும் 1065 எங்கே என்று கேட்டுக் கடிதம் வந்தது. பதறிப்போய் அக்டோபர் ஆரம்பத்தில் அனுப்பினோம். அந்த வருடத்து அபராதம் ஒரு பார்ட்னருக்கு மாதம் 235 டாலர், மாதத்தில் ஒரு நாள் தாமதமானாலும் முழு மாதம்தான். இரண்டு பேர், ஏழு மாதம்: 3,290 டாலர். வரியே பாக்கி இல்லாத ஒரு படிவத்துக்கு!

அதிலிருந்து வெளியே வந்தோம், எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். 84-35 என்று ஒரு பழைய நடைமுறை விதி இருக்கிறது. பார்ட்னர்கள் பத்துப் பேருக்குள் இருக்க வேண்டும், எல்லோரும் மனிதர்களாக (அதாவது கம்பெனியோ டிரஸ்டோ இல்லாமல்), அமெரிக்க வரிக்கு ரெசிடென்டாக இருக்க வேண்டும், எல்லா வரவு செலவையும் ஒரே விகிதத்தில் பிரித்திருக்க வேண்டும், ஒவ்வொருவரும் தன் பங்கைக் கெடுவுக்குள் சொந்த ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்ததால் ஒரு பக்கக் கடிதம் எழுதி, அந்த விதியின் எண்ணைப் போட்டு அனுப்பினோம், அபராதம் தள்ளுபடி ஆனது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், இது அபராதத்துக்கு மன்னிப்பு, 1065 போடுவதிலிருந்து விலக்கு இல்லை. அடுத்த வருடமும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பார்ட்னர்ஷிப் என்றால் வருடாவருடம் என்ன வேலை என்று கேட்டால்: 1065, அதோடு வாடகைக் கணக்குக்கு 8825, அப்புறம் அவரவர் பங்கைக் காட்டும் கே-1 தாள் ஆளுக்கொன்று, அந்தக் கே-1 எண்களை எடுத்து உங்கள் ஷெட்யூல் இ-யின் இரண்டாம் பக்கத்தில். இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு மாற்ற நாலு தாள். கெடு மார்ச் 15, நேரம் போதாவிட்டால் அதற்குள் 7004 போட்டு ஆறு மாதம் வாங்கிக்கொள்ளலாம். வேறு ஒருவர், உதாரணத்துக்கு உங்கள் தம்பியோ நண்பரோ, உள்ளே பங்குதாரராக இருந்தால் இது நியாயமான செலவு. கணவன் மனைவி மட்டும் என்றால் எனக்குத் தெரிந்தவரை இது வீண்வேலை.

இங்கேதான் நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பது முக்கியமாகிறது. என் மச்சான் டாலஸில் இருக்கிறார், அவரும் அக்காவும் எங்களை மாதிரியே இருவர் பேரிலும் எல்எல்சி போட்டவர்கள், பத்து வருடமாக 1065 பக்கமே போனதில்லை, அது முழுக்கச் சட்டப்படி சரி. டெக்சஸ் கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி மாநிலம், அதாவது கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்தது பொதுவாக இருவருக்கும் பொதுச் சொத்து. இப்படி ஒன்பது மாநிலங்கள்: அரிசோனா, கலிஃபோர்னியா, ஐடஹோ, லூயிசியானா, நெவாடா, நியூமெக்சிகோ, டெக்சஸ், வாஷிங்டன், விஸ்கான்சின். இங்கே எல்எல்சி முழுக்கத் தம்பதியின் பொதுச் சொத்தாக இருந்து, மூன்றாவது ஆள் யாரும் இல்லாமல், கார்ப்பரேஷனாகக் கேட்டு வாங்காமலும் இருந்தால், டிஸ்ரிகார்டட் என்று வைத்துக்கொள்கிறீர்களா, பார்ட்னர்ஷிப் என்று வைத்துக்கொள்கிறீர்களா என்பது உங்கள் இஷ்டம். 2002-69 என்ற விதி அது. எப்படி ரிட்டர்ன் போடுகிறீர்களோ அதுவே உங்கள் தேர்வு. ஒரு வருடம் இப்படி, மறு வருடம் அப்படி என்று தாவாதீர்கள், அதை நிறுவனத்தையே மாற்றியமைத்ததாகத்தான் பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு முன் வாங்கியது, அப்பா அம்மா கொடுத்தது, இவை பொதுச் சொத்தில் சேராமல் தனிச் சொத்தாக இருக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சி, நியூயார்க், இலினாய், ஜார்ஜியா, நார்த் கரோலினா, மிஷிகன் ஆட்களுக்கு இந்த வசதி இல்லை. மச்சான் எனக்குக் கொடுத்த யோசனை அவருடைய ஊருக்குச் சரி, என் ஊருக்குத் தப்பு.

அப்படியானால் குவாலிஃபைட் ஜாயின்ட் வென்ச்சர் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். ஷெட்யூல் இ-யில் க்யூஜேவி என்று ஒரு கட்டம் பார்த்திருப்பீர்கள், பலர் "நாங்கள் தம்பதிதானே" என்று அதில் டிக் போட்டுவிடுகிறார்கள். 2007-இல் வந்த சட்டம் அது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு தொழில் செய்து, இருவரும் உண்மையாகவே அதில் வேலை பார்த்தால், பார்ட்னர்ஷிப் ரிட்டர்னுக்குப் பதிலாக ஆளுக்குப் பாதியாகக் காட்ட அது வழி விடுகிறது. இரண்டு இடத்தில் இடிக்கும். எல்எல்சி மாதிரி மாநிலத்தில் பதிவான நிறுவனம் வழியாக நடத்தினால் இது கிடையாது, ஐஆர்எஸ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. சும்மா சேர்ந்து ஒரு வீட்டை வைத்திருப்பது மட்டும் தொழிலும் ஆகாது. எல்எல்சியும் இல்லை, ஒரே வீடு, வருடத்துக்கு நாலு தடவை பிளம்பரைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் உங்களுக்கு அந்தக் கட்டமே தேவையில்லை, முன்னால் சொன்ன சாதாரண ஷெட்யூல் இ போதும். மனைவிக்கு சோஷியல் செக்யூரிட்டி கிரெடிட் சேரும் என்று சிலர் இதைச் செய்கிறார்கள். அந்தக் கிரெடிட் சுயதொழில் வரி கட்டினால்தான் சேரும், நீண்ட கால வீட்டு வாடகைக்குப் பொதுவாக அந்த வரியே கிடையாது, வரி கட்டாத இடத்தில் கிரெடிட் எப்படிச் சேரும்?

இதே காரணத்தால்தான் எஸ் கார்ப் பக்கம் போகாதீர்கள் என்கிறேன். எஸ் கார்ப்பின் கவர்ச்சியே சுயதொழில் வரியான 15.3 சதவீதத்தைக் குறைப்பது. வாடகைக்கு அந்த வரி இல்லை, இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து? அதற்கு மேல் பக்கவிளைவுகள் வேறு. வீட்டின் விலை ஏறிய பிறகு அதை எஸ் கார்ப்பிலிருந்து உங்கள் பேருக்கு மாற்றினாலே சந்தை விலைக்கு விற்றதாகக் கணக்கு, காசு கைக்கு வராமலே வரி. உள்ளே வைக்கும்போது கடன் அந்த வீட்டின் வரிக் கணக்கு மதிப்பைவிட அதிகமாக இருந்தால் அப்போதே ஒரு வரி. உள்ளே போவது எளிது, வெளியே வருவதுதான் சிரமம், சக்கரவியூகம் மாதிரி. சி கார்ப் இன்னும் மோசம், முதலில் 21 சதவீதம், பணத்தை வெளியே எடுக்கும்போது இன்னொரு தடவை. டாக்டர்கள், கன்சல்டன்ட்கள் எஸ் கார்ப் போட்டு மிச்சப்படுத்தியதைக் கேட்டுவிட்டு வாடகை வீட்டுக்கும் போட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் யாரும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

எல்எல்சி கட்டாயம் வேண்டும், மாநிலமும் பொதுச் சொத்து மாநிலம் இல்லை என்றால்? ஒருவர் பேரில் மட்டும் போடுங்கள். டிஸ்ரிகார்டட் ஆகிவிடும், சேர்ந்து போடும் ரிட்டர்னில் வரி மாறாது. மற்றவருக்கு உரிமை போகாமலிருக்க உயிலையும் எல்எல்சி ஒப்பந்தத்தையும் ஒரு வக்கீலிடம் சரி பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கடைசியில் அதைத்தான் செய்தோம். என் பங்கை மனைவிக்கு மாற்றி எழுதினேன், அந்த நாளோடு பார்ட்னர்ஷிப் முடிந்தது, கடைசி 1065-இல் இதுதான் இறுதி ரிட்டர்ன் என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினோம். இதன் கெடு அடுத்த வருட மார்ச் இல்லை, முடிந்த மாதத்திலிருந்து மூன்றாவது மாதம் 15-ஆம் தேதி, இதிலும் பலர் வழுக்குகிறார்கள்.

மாற்றி எழுதும்போது நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாங்குகிற துணைவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் எவ்வளவு கொடுத்தாலும் அன்பளிப்பு வரித் தொல்லை இல்லை. கிரீன் கார்டோ ஹெச்-4 விசாவோ என்றால் வரம்பு உண்டு, 2025-இல் அது 1,90,000 டாலர். அதைத் தாண்டினால் அன்பளிப்பு வரிக்கான 709 படிவம். வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு கடன் போக எவ்வளவு என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள், தேவையானால் இரண்டு வருடமாகப் பிரித்துச் செய்யுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், இவற்றில்தான் உண்மையான பணம் இருக்கிறது. குடியிருந்த முதல் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போவது நம்மிடையே சகஜம். விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் அதில் சொந்தமாகக் குடியிருந்திருந்தால், சேர்ந்து ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு லாபத்தில் 5 லட்சம் டாலர் வரை வரி இல்லை, தேய்மானமாகக் கழித்த தொகை மட்டும் இதில் சேராது. வீடு உங்கள் பேரிலோ டிஸ்ரிகார்டட் எல்எல்சி பேரிலோ இருந்தால் இந்தச் சலுகை அப்படியே இருக்கும். பார்ட்னர்ஷிப்புக்கு எழுதிவிட்டால் உரிமையாளர் நீங்கள் இல்லை, அந்தப் பார்ட்னர்ஷிப், அதனால் சலுகை சிக்கலில் மாட்டும். மற்றொன்று பேசப் பிடிக்காத விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். தம்பதியில் ஒருவர் இறந்தால், பொதுச் சொத்து மாநிலங்களில் பொதுச் சொத்தாக இருக்கும் வீட்டின் இரண்டு பாதிக்குமே அன்றைய சந்தை விலை புதிய அடக்க விலையாகிறது, பின்னால் விற்கும்போது லாபம் அதிலிருந்துதான் கணக்காகும். மற்ற மாநிலங்களில் இருவர் பேரிலும் கூட்டாக இருக்கும் வீட்டுக்குப் பாதிக்கு மட்டும்.

வீடு ஏற்கெனவே உங்கள் பேரில் மார்ட்கேஜோடு இருந்தால், எல்எல்சிக்கு எழுதும் முன் கடன் கொடுத்தவரிடம் கேளுங்கள். சொத்து கைமாறினால் முழுக் கடனையும் உடனே கட்டு என்று கேட்கும் ஷரத்து பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் எல்எல்சி பெயர் ஏற வேண்டும். வழக்குப் பயத்துக்காகத்தான் எல்எல்சி என்றால், பத்து லட்சம் டாலர் அம்ப்ரெல்லா பாலிசி (வழக்கு நஷ்டஈட்டுக்கான கூடுதல் இன்சூரன்ஸ்) ஒன்றுக்கு விலை கேட்டுப் பாருங்கள், ஒரு வீடு வைத்திருக்கிற பலருக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம். கலிஃபோர்னியாவில் எல்எல்சிக்கு வருடம் 800 டாலர் மாநிலத்துக்கு அழ வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

ஏர்பிஎன்பி மாதிரி சராசரியாக ஏழு நாள் அல்லது அதற்குக் குறைவாகத் தங்க விடுகிறவர்களுக்கு மேலே சொன்ன பல விதிகள் பொருந்தாது. தினமும் சுத்தம் செய்வது, சாப்பாடு தருவது என்று ஹோட்டல் மாதிரி சேவை செய்தால் அது சொந்தத் தொழிலுக்கான ஷெட்யூல் சி, சுயதொழில் வரியும் வரும். சென்னையில் வாடகைக்கு விட்டிருக்கும் ஃப்ளாட்டும் இங்கே ஷெட்யூல் இ-யில் காட்ட வேண்டியதுதான். 2017-க்குப் பின் வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தால் தேய்மானம் 27.5 இல்லை, 30 வருடம். அதற்கு எல்எல்சி எல்லாம் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது அந்த டபிள்யூ-9. வீடு உங்கள் இருவர் பேரில் என்றால் முதல் வரியில் இரண்டு பெயரையும் எழுதி, யாருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுக்கிறீர்களோ அவர் பெயரை வட்டமிட்டு, தனிநபர் கட்டத்தில் டிக் போடுங்கள். ஒருவர் பேரில் மட்டும் இருக்கும் எல்எல்சி என்றால் முதல் வரியில் அந்த ஆளின் பெயர், இரண்டாம் வரியில் எல்எல்சியின் பெயர், டிக் அப்போதும் தனிநபர் கட்டத்தில்தான், எல்எல்சி கட்டத்தில் இல்லை, இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். டெக்சஸ் மச்சான் மாதிரி டிஸ்ரிகார்டட் என்று தேர்ந்தெடுத்தவர்களும் இருவரில் ஒருவர் பெயரை முதல் வரியில் எழுதி இதையே செய்யலாம். பார்ட்னர்ஷிப்பாகவே இருக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வரியில் எல்எல்சியின் பெயர், எல்எல்சி கட்டத்தில் டிக், பக்கத்தில் பி என்ற எழுத்து, கீழே இஐஎன். ஜனவரியில் மேனேஜர் அனுப்பும் 1099 (வருட வாடகை வரவைக் காட்டும் படிவம்) எந்தப் பெயரில், எந்த எண்ணில் வருகிறது என்று பாருங்கள், நீங்கள் ரிட்டர்ன் போடும் விதத்தோடு அது பொருந்தவில்லை என்றால் அன்றைக்கே புது டபிள்யூ-9 ஒன்றை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.